பனியின் மீது போட்ட பழி

மார்கழி பிறந்துவிட்டால் கொடைக்கானலில் எல்லா நோவுக்கும் ஒரே காரணம்தான் சொல்லப்படும். மூக்கு ஒழுகினால் பனி, தொண்டை கரகரத்தால் பனி, நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு இளைத்தால் அதுவும் பனி. மூஞ்சிக்கல்லில் பேருந்துக்குக் காத்திருப்பவர்களும், மருந்துக்கடை வாசலில் சீட்டோடு நிற்பவர்களும், பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுக்க வரும் பெற்றோர்களும் "பனி ஒத்துக்கலை" என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இந்த ஊரிலேயே பிறந்து இங்கேயே ஆசிரியையாக வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் சில ஆண்டுகளாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பனிதான் காரணம் என்றால், மழையும் குளிரும் சேர்ந்து எலும்பைக் குடையும் மார்கழி முற்பகுதியில் அல்லவா இளைப்பு கூடுதலாக இருக்க வேண்டும்? நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. மழை முழுவதும் விலகி, இரவில் புல் உறைந்து, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களில்தான் வகுப்பறையில் தும்மல் ஓயாமல் கேட்கிறது. விடியற்காலைக் குளிரில் நடந்து வந்த பிள்ளை தெளிவாக இருக்கிறது. மதிய இடைவேளையில் மைதானத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் அதே பிள்ளைக்குக் கண் சிவந்து, மூக்கு அடைத்திருக்கிறது.

என் தங்கை மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். வத்தலக்குண்டில் இருந்தவரை அவனுக்கு மூச்சுத் தொந்தரவு கிடையாது. மலைக்கு வந்த முதல் பனிக்காலம் சுகமாகவே போயிற்று. அடுத்த பனிக்காலத்தில் தும்மல் தொடங்கியது. அதற்கும் அடுத்ததில் இளைப்பு வந்து, இன்ஹேலர் இல்லாமல் தை மாதத்தைத் தாண்ட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. "அக்கா, மலைப் பனி அவனுக்குச் சேரலை, கீழே அனுப்பிரு" என்று தங்கை ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்வாள். மருத்துவர் 'டஸ்ட் அலர்ஜி' என்று எழுதிக் கொடுத்தார். அது தவறல்ல; ஆனால் எந்தத் தூசி என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. என்னை யோசிக்க வைத்தது முதல் பனிக்காலத்தின் சுகம்தான். குளிர் ஒருவருக்கு ஆகாது என்றால் முதல் ஆண்டே ஆகாமல் போயிருக்க வேண்டும். முதல் முறை சும்மா இருந்து, மறுமுறை முணுமுணுத்து, மூன்றாம் முறை சண்டைக்கு வருவது ஒவ்வாமையின் குணம். உடம்பு ஒரு பொருளை ஓரிரு பருவங்கள் சந்தித்து, அதைப் பகையென்று குறித்துக்கொண்ட பிறகுதான் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் நடக்கும். அப்படியானால் ஒவ்வொரு தை மாதத்திலும் தவறாமல் இந்த ஊர்க் காற்றில் வந்து சேரும் பொருள் எது?

வேலியில் காய்ந்த கம்பளி

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குச் சைப்ரஸ் மரம்தான் வேலி. ஒழுங்காக வெட்டிவந்தால் ஆள் உயரத்தில் அடர்ந்த பச்சைச் சுவராக நிற்கும். நான்கைந்து ஆண்டு விட்டுவிட்டால் மரமாகக் கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வீட்டையும் துணியையும் நமுக்கவைத்துவிட்டுப் போகும். அதன் பிறகு வரும் முதல் நல்ல வெயிலுக்கு எல்லா வீட்டுக் கம்பளியும் போர்வையும் தலையணையும் வெளியே வரும். கொடிக்கயிறு கம்பளியின் எடையைத் தாங்காது என்பதால் வேலியின் மேல் விரித்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாயங்காலம் உருவி எடுத்து, உதறி, மடித்து, இரவு பிள்ளைகளுக்குப் போர்த்திவிடுவோம். வெயிலில் காய்ந்த கம்பளியின் வாசனையும் அந்தக் கதகதப்பும் மலைவாசிகளுக்குத் தெரியும்.

ஒரு தை மாதக் காலையில், ஏரிப் பக்கத்துப் புல்வெளியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த நாளில், தோட்ட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எங்கள் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் கிளைகளுக்கு வரவில்லை. வெட்டுண்ட கிளைகள் ஈரத்தோடு தொப்தொப்பென்று விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செதில் செதிலான பச்சை இலைகளின் நுனிதோறும் அரிசிமணியைவிடச் சிறிய, மஞ்சள் கலந்த பழுப்பு நிற உருண்டைகள் இருந்தன. சைப்ரஸின் ஆண் கூம்புகள் அவை. மகரந்தம் அவற்றுக்குள்தான் இருக்கிறது. உள்ளங்கையில் தட்டினேன். நீர்த்துளிகள் சிதறின; வேறொன்றும் விழவில்லை. கிளையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பதினொரு மணி வாக்கில், வேலியின் மறுகோடியில் விரித்திருந்த தன் கம்பளியைப் பக்கத்து வீட்டு அம்மா இழுத்து எடுத்தார். வேலி குலுங்கிய இடத்திலிருந்து இளமஞ்சள் நிறத்தில் புகை மாதிரி ஒன்று எழும்பி, காற்று அசையாத அந்த வெயிலில் சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு மெல்ல வீட்டுப் பக்கமாக நகர்ந்தது. ஒரு சாண் அளவுக் கிளையசைவுக்கு அவ்வளவு தூள். வேலை முடித்து அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் டீச்சர், நாங்க வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வெட்டி முடிச்சிருவோம். ஈரத்துல ஒண்ணும் கிளம்பாது. இப்பக் கிட்ட நின்னா கண்ணு எரியும்" என்றார். "எப்பருந்து அண்ணே இது உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துலருந்தே அப்படித்தான வெட்டுறோம்" என்றார். திண்ணையில் கிடந்த காலைக் கிளையை எடுத்து, விரித்த கறுப்புக் குடையின் மேல் தட்டினேன். காலையில் தண்ணீரை மட்டும் உதிர்த்த அதே கிளை, இப்போது துணி முழுவதும் மஞ்சள் பொடியைத் தூவியது. கூம்புகளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். காலையில் இறுக மூடியிருந்த செதில்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, இடையில் இடுக்குகள் தெரிந்தன.

அன்று இரவு பக்கத்து வீட்டுக் கம்பளிக்குள் யார் தூங்கினார்கள், யாருக்கு இளைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் பனி உறைந்த இரவுக்கும் பிள்ளையின் இளைப்புக்கும் இடையில் ஒரு பகல்பொழுது இருக்கிறது என்பதையும், அந்தப் பகலில் நடப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் அந்த வேலி எனக்குக் காட்டிவிட்டது.

உலர்ந்தால்தான் திறக்கும்

மகரந்தம் வெளிவருவது பெரும்பாலும் உலர்தலின் விளைவு. பூக்கும் மரங்களில் மகரந்தப் பையின் சுவரில் உள்ள ஓர் அடுக்குச் செல்கள் நீரை இழந்து சுருங்கும்போது பை கிழிந்து திறக்கிறது. பைன், சைப்ரஸ் போன்ற கூம்பு மரங்களில் கூம்பின் செதில்கள் உலர்ந்து விலகுகின்றன. இரண்டுக்கும் முன்நிபந்தனை ஒன்றே: மகரந்தம் முதிர்ந்திருந்தாலும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். மூடுபனியும் தூறலும் இருக்கும்வரை கூம்புகள் மூடியே இருக்கும். வெளியே வந்த மகரந்தமணியும் உலர்ந்து எடை குறைந்தால்தான் காற்றில் நீண்ட நேரம் மிதக்கும். நனைந்தால் கனத்து, ஒட்டிக்கொண்டு, விழுந்துவிடும்.

உறைபனி நாளின் பகலில் இதற்கு வேண்டிய எல்லாமே கூடிவருகின்றன. மேகம் இருக்கும் இரவில் உறைபனி விழாது. வானம் தெளிந்து, காற்று அடங்கி, நிலம் தன் சூட்டை விண்வெளிக்கு விட்டுவிடும் இரவில்தான் புல்நுனி உறைகிறது. வானிலைக் கூண்டுக்குள் வெப்பமானி 3 அல்லது 4 டிகிரி காட்டும்போதே தரையில் புல் உறைந்துவிடுவது இதனால்தான். அதே தெளிந்த வானத்தில் மறுநாள் சூரியன் ஏறினால், விடியலில் நீராவி நிறைந்திருந்த காற்று சில மணி நேரத்தில் வெகுவாக உலர்ந்துவிடுகிறது. ஆகவே உறைபனி மகரந்தத்தைக் கொண்டுவருவதில்லை. உறைபனியைக் கொண்டுவரும் அதே தெளிந்த வானமும் உலர்ந்த காற்றும்தான் பகலில் மகரந்தத்தையும் அவிழ்த்துவிடுகின்றன. இரண்டும் ஒரே வானிலையின் பிள்ளைகள். இரவில் பிறந்தது கண்ணுக்குத் தெரிவதால் பழி அதன் மேல் விழுகிறது.

மழை நீண்டுவிட்ட ஆண்டுகளில் நான் பார்ப்பது இன்னொன்று. புயல் சின்னம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மார்கழிக் கடைசி வரை தூறிக்கொண்டே இருந்தால், பிள்ளைகள் அந்த மாதம் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் மழை மகரந்தத்தை அழித்துவிடுவதில்லை, தள்ளிப்போடுகிறது. கூம்புக்குள் முதிர்ந்து காத்திருப்பதெல்லாம் முதல் வறண்ட வாரத்தில் ஒருசேர வெளியே வருகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 'மவுண்டன் சீடர்' என்று அழைக்கப்படும் ஜூனிபர் மரம், எங்கள் சைப்ரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மகரந்தம் உதிர்க்கிறது. வடக்கிலிருந்து குளிர்ந்த உலர்காற்று இறங்கிய உடனே அங்கே மகரந்தம் திடீரென்று பொங்கிக் கிளம்பும், ஊரே தும்மும். அதற்கு அவர்கள் காய்ச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், காய்ச்சல் அடிக்காவிட்டாலும்கூட. பனிக்காலம் என்றால் மரங்கள் உறங்கும் காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு அப்படியே சொல்லிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஐரோப்பாவின் பிர்ச், ஹேசல் மரங்களுக்குப் பனிக்காலம் வேறு வகையில் வேண்டியிருக்கிறது. அவற்றின் ஆண் பூங்கொத்துகள் முந்தைய கோடையிலேயே உருவாகி, உறக்கத்தில் ஆழ்ந்துவிடுகின்றன. குறிப்பிட்ட அளவு குளிரை அனுபவித்த பிறகுதான் அந்த உறக்கம் கலையும். அதன் பின் வரும் வெதுவெதுப்பு போதுமான அளவு சேர்ந்ததும் பூக்கும். பனிக்காலம் போதிய குளிர் இல்லாமல் கழிந்தால் உறக்கம் கலையத் தாமதமாகும். குளிர் போதுமாக இருந்து வசந்தம் முந்திவந்தால் பூப்பும் முந்திக்கொள்ளும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. நாங்கள் இருப்பது வட அட்சரேகை 10 டிகிரியை ஒட்டி. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நாளின் நீளத்தைவிட, மழை எப்போது நின்றது, காற்று எப்போது உலர்ந்தது என்பதைத்தான் இங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குளிர்ந்த காற்று தேங்கும் இடம்

வெளிவந்த தூள் எங்கே போகிறது என்பதற்கும் பனிக்கால வானிலையே பதில் சொல்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றியும், ஜிம்கானா பக்கத்திலும், பாம்பார்புரத்திலும் முதலில் உறைவதும், மேட்டு வீடுகளில் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் இதனால்தான். பள்ளத்தில் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சற்றே வெதுவெதுப்பான காற்று என்று வழக்கத்துக்குத் தலைகீழாக அடுக்கு அமைந்துவிட்டால், கீழே இருப்பது மேலே எழும்ப முடியாது. விறகு அடுப்புப் புகை ஒரு உயரத்துக்கு மேல் போகாமல் பட்டையாகப் படர்ந்து நிற்பதை ஏரிச் சாலையில் காலையில் நடப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். வெயில் ஏறி அந்த அடுக்கு கலையும்வரை, பள்ளத்து மரங்கள் உதிர்ப்பதெல்லாம் பள்ளத்திலேயே சேர்கிறது. கலைந்த பிறகு, சூடேறிய சரிவுகளை ஒட்டிக் காற்று மேல்நோக்கி எழும். தூளும் அதனோடு ஏறும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மகரந்தமணி ஒன்று அசையாத காற்றில் நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் கீழிறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் உயர மரத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வர 1000 நொடி, அதாவது ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். அதற்குள் நொடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள இளங்காற்று அதை 2 கிலோமீட்டர் கடத்திவிடும். பகலில் சரிவில் எழும் காற்று நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இருந்தாலே, இறங்கும் வேகத்தைப் போல 25 மடங்கு. ஆகவே வெயில் வேளையில் தூள் இறங்குவதே இல்லை எனலாம். வெயில் சாய்ந்து காற்று அடங்கும்போது மேலே மிதந்ததெல்லாம் மெல்ல இறங்கத் தொடங்குகிறது. பிள்ளைகள் டியூஷன் முடித்து வீடு திரும்பும் நேரம் அது. மாலைப் பனி இறங்கும்போது தலையில் துணி போட்டுக்கொள் என்று பாட்டிமார் சொல்வதை நான் இப்போது வேறு மரியாதையோடு கேட்கிறேன். இறங்குவது என்ன என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வேறுபாடு.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் இருந்தார். தனக்கே கோடைத் தும்மல் நோய் இருந்ததால், அதற்குக் காரணம் வெயிலா, வெப்பமா, பூந்தூளா என்று பல ஆண்டுகள் ஆராய்ந்து, மகரந்தமே என்று 1873இல் எழுதினார். பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டி உயரே அனுப்பி, அங்கேயும் மகரந்தம் இருப்பதைக் காட்டினார். அவரைப் படித்த பிறகு நானும் கண்ணாடித் துண்டுகளில் வாஸ்லின் தடவி, மொட்டைமாடிச் சுவரில் வைக்கத் தொடங்கினேன். தாவரவியல் கற்பிக்கும் தோழி ஒருத்தி தன் கல்லூரி நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்க இடம் கொடுத்தாள். தூறல் நாட்களின் துண்டுகளில் கரித்துகளும் பூஞ்சை வித்துகளும் தவிர அதிகம் இல்லை. உறைபனிக்குப் பிந்தைய வறண்ட நாட்களின் துண்டுகள் அப்படி இல்லை. பைன் மகரந்தத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அடையாளம் கண்டுகொள்ளலாம். நடு உடலின் இருபுறமும் இரண்டு காற்றுப்பைகளோடு இருக்கும். சைப்ரஸ் மணி அதில் பாதி அளவுகூட இல்லாத எளிய உருண்டை. அது காய்ந்திருக்கும்வரை பார்க்க ஒன்றும் இல்லை. தோழி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். கண்முன்னே அந்த மணிகள் ஊதின. உள்தோல் பருத்து, வெளித்தோல் வெடித்துக் கழன்று, சட்டை உரித்தாற்போல் ஒதுங்கியது. மூக்கின் ஈரத்திலும் கண்ணின் ஈரத்திலும் இதேதான் நடக்கிறது என்று அவள் சொன்னபோது, தங்கை மகனின் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்து, நான் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டேன்.

ஊரில் மகரந்தத்தைப் பற்றிப் பேசுகிற சிலரும் பைனைத்தான் குற்றம் சொல்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியிலும் கார் கண்ணாடியிலும் மஞ்சளாகப் படிவது அதுதான் என்பதால் அது இயல்பு. ஆனால் பைன் மகரந்தம் அளவில் பெரியது, மேற்பரப்பில் மெழுகுத்தன்மை உள்ளது. எவ்வளவு கொட்டினாலும் ஒவ்வாமையைத் தூண்டும் வலிமை அதற்குக் குறைவு. சைப்ரஸ் குடும்பம் அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியும்படி படியாமல் காற்றில் இருப்பதே கூடுதல் தொந்தரவு தருகிறது. மஞ்சள் பொடி தெரியவில்லை, ஆகவே இன்று காற்று சுத்தம் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவைப்பது எந்த வகையிலும் பாதுகாப்பு அல்ல.

இந்த மலைக்கு வந்தவை

இதைவிட ஆழமாக என்னைத் தொட்டது இன்னொரு விஷயம். இந்த மலையின் சொந்தச் சோலை மரங்கள் பெரும்பாலும் காற்றை நம்பிப் பூப்பவை அல்ல. காட்டு நாவலும் காட்டுச் செண்பகமும் பூச்சிகளையும் பறவைகளையும் நம்பியவை. பனிக்காலத்தில் சோலை ஓரங்களில் சிவக்கப் பூக்கும் காட்டுப் பூவரசு, ஆங்கிலத்தில் ரோடோடென்ட்ரான், தன் மகரந்தத்தைக் காற்றில் விடுவதே இல்லை; அதன் மகரந்தமணிகள் பிசுபிசுப்பான மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, பூந்தேனுக்கு வரும் பறவையின் தலையிலும் தேனீயின் காலிலும் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஆண்டில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் காட்டில் காற்றை நம்பிய மரம் எப்படிப் பிழைக்கும்? பட்டாம்பூச்சியையும் தேனீயையும் நம்புவதே இங்கே அறிவு. தென்னிந்தியாவுக்குச் சொந்தமான கூம்பு மரம் என்று போடோகார்ப் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் அங்கங்கே அரிதாக நிற்பது.

படூலா பைன் மெக்சிகோவிலிருந்து வந்தது. சைப்ரஸ் வகைகள் மெக்சிகோவையும் கலிபோர்னியாவையும் சேர்ந்தவை. விறகுக்கும் மரக்கூழுக்கும் காகிதத்துக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் புல்வெளிகளின் மேல் நடப்பட்டவை இவை. யூக்கலிப்டஸும், நீலகிரியில் சீகை என்று சொல்லப்படும் வாட்டிலும் உடன் வந்தன. பின்னிரண்டின் மீதும் தும்மல் பழி போடப்படுவதுண்டு. வாட்டிலின் மகரந்தம் பதினாறு மணிகள் சேர்ந்த கட்டியாக இருப்பது; தேனீக்களுக்கு ஏற்றது, காற்றில் வெகுதூரம் போகாது. யூக்கலிப்டஸும் பூச்சிகளையும் பறவைகளையும் நம்பியதே. புல்வெளிகளுக்கும் ஊற்றுகளுக்கும் இவை செய்த கேடு பெரிது, ஆனால் அது வேறு வழக்கு. காற்றில் மகரந்தத்தை ஏற்றியவை கூம்பு மரங்கள்தான்.

மரம் நட்டு ஒரு நாட்டின் காற்றே மாறிப்போன கதையை ஜப்பான் வாழ்ந்துகொண்டிருக்கிறது. போரில் அழிந்த காடுகளுக்கு ஈடாகவும் கட்டுமான மரத்துக்காகவும் 1950களிலும் 60களிலும் அங்கே மலை மலையாகச் சுகி மரத்தையும் ஹினோகியையும் நட்டார்கள். இரண்டுமே சைப்ரஸ் குடும்பத்தவை. சுகி மகரந்த ஒவ்வாமை பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1964இல் வந்தது. நட்டவை முதிர்ந்து மகரந்தம் உதிர்க்கும் வயதுக்கு வந்த பிறகு, இன்று அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் நால்வருக்கு அந்த ஒவ்வாமை இருக்கிறது. முந்தைய கோடையின் வெப்பத்தை வைத்து அடுத்த ஆண்டு எவ்வளவு மகரந்தம் என்பதையும், ஜனவரியிலிருந்து நாளுக்கு நாள் சேரும் வெப்பத்தை வைத்து அது எப்போது தொடங்கும் என்பதையும் அங்கே மழை அறிவிப்பைப் போல முன்கூட்டியே சொல்கிறார்கள். 2023இல் அந்நாட்டு அரசு, சுகித் தோட்டங்களைப் பத்து ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது என்று முடிவெடுத்தது. நடுவதற்கு ஒரு தலைமுறை, தும்முவதற்கு ஒரு தலைமுறை, வெட்டுவதற்கு இன்னொரு தலைமுறை.

நமக்கு வாய்ப்பு இருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பதற்குத் தமிழக அரசு 2022இல் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. தண்ணீரும் காட்டுயிரும் அதில் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவையே. மனிதர் இழுக்கும் மூச்சும் அதே விவாதத்தில் ஒரு காரணமாக வைக்கப்பட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு முதலில் அளவை வேண்டும். உறைபனிக் காலத்தில் நாளிதழ்கள் கொடைக்கானலின் குறைந்தபட்ச வெப்பநிலையைத் தினமும் போடுகின்றன; காற்றில் மகரந்தம் எவ்வளவு என்று ஒரு வரியும் வருவதில்லை. மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும் பசைப் பரப்பில் நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் கருவியை ஹர்ஸ்ட் என்பவர் 1952இலேயே வடிவமைத்துவிட்டார். உலகம் முழுக்க இன்றும் அந்த வடிவம்தான் பயன்படுகிறது. 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இந்த ஊரில் இருக்கிறது; வானிலை நிலையம் இருக்கிறது; கல்லூரிகள் இருக்கின்றன. ஏரிப் பள்ளத்தில் ஒன்று, ஆய்வக மேட்டில் ஒன்று என்று இரண்டு கருவிகளை வைத்து, ஐந்தாறு பனிக்காலங்களுக்குத் தொடர்ந்து எண்ணினால், உறைபனி இரவுக்கும் மறுநாள் மகரந்தத்துக்கும் மருத்துவமனையில் அன்று வந்த இளைப்பு நோயாளிகளுக்கும் உள்ள உறவு தெளிவாகிவிடும்.

இதைச் சொல்லும்போது எல்லா இளைப்பையும் மகரந்தத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. குளிர்ந்த உலர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது உண்மை. பள்ளத்தில் தேங்கும் விறகுப் புகை, மழைக்காலத்தில் நமுத்த மெத்தையில் பெருகும் தூசி உண்ணிகள், குளிர்காலத்துச் சளி வைரஸ்கள் எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் மகரந்தத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்கிறேன். பெற்றோர் மருத்துவரிடம் போகும்போது இரவு எவ்வளவு குளிர் என்று சொல்வதோடு, அன்றைய பகலில் வெயிலா மூட்டமா, பிள்ளை எந்த நேரத்தில் வெளியே இருந்தது, வீட்டைச் சுற்றி என்ன மரம் என்பதையும் சொன்னால் மருந்தின் வகையே மாறக்கூடும்.

எங்கள் தெருவில் இப்போது சில வீடுகளில் கம்பளி வேலிக்குப் போவதில்லை. மாடியில் இரும்புக் குழாய் நட்டுக் கொடி கட்டியிருக்கிறோம், தை, மாசி வறட்சியில் காலை பத்து மணிக்கு முன்போ வீட்டுக்குள் கண்ணாடி ஜன்னலோரத்திலோ காயவைக்கிறோம். தங்கை மகன் விளையாடப் போவதைக் காலை ஈரத்துக்கு மாற்றியிருக்கிறான். மாலையில் வந்தவுடன் தலையும் முகமும் கழுவிக்கொள்கிறான். இன்ஹேலர் அலமாரியில் இருக்கிறது, ஆனால் சென்ற தை மாதத்தில் முன்போல் அடிக்கடி எடுக்கவில்லை. வேலி வெட்டும் அண்ணனிடம் பேசி, வெட்டும் மாதத்தையே மாற்றிக்கொண்டோம். கூம்புகள் முதிர்வதற்கு முன், கார்த்திகையில் மழை இடைவெளி கிடைக்கும் ஈரமான காலை ஒன்றில், நுனிகளை எல்லாம் எடுத்துவிடுவது என்று ஏற்பாடு. வேலியையே மாற்றலாம் என்றபோது நாற்றுப் பண்ணையில் விராலியைச் சொன்னார்கள். அது இந்த மண்ணின் செடிதான். ஆனால் அதுவும் காற்றில் மகரந்தம் விடுகிறது என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தவிட்டுப்பழச் செடி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த மழைக்குள் ஐம்பது நாற்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.